பூச்சி தொடாத தோல்

பழைய தோலிலோ ரோமத்திலோ ஒரு பூச்சித்துளைகூட இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். நான் ஒருமுறை சந்தோஷப்பட்டேன்.

பழம்பொருள் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். தூரிகை பிடிக்கவும் கையுறை மாட்டவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைப் பேசக் கூப்பிடுகிறவர்கள் "உங்க அனுபவத்துலேருந்து ஏதாவது" என்பார்கள். நானும் நல்லபடியாக முடிந்த நாலு வேலைகளைச் சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு கைதட்டின் மேல் ஆசை போய்விட்டது. அதனால் நான் பயந்து நடுங்கிய சில நாட்களைப் பற்றி இன்று சொல்கிறேன்.

2001 டிசம்பர். நாங்கள் அப்போது டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோவில் இருந்தோம். என் கணவர் சாதிக்குக்கு ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை. எங்கள் மகள் ஆயிஷாவுக்கு ஆறு வயது. ஊரின் வடக்கே, புது வீடுகள் முடிந்து வெறும் புல்வெளி தொடங்குகிற இடத்தில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருந்தது. சைபீரியாவில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்துப் பணம் சேர்த்த ஒருவர், அந்த மண்ணின் மக்களுடைய வீடுகளைப் பிரித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து டெக்ஸாஸ் புல்லில் நிறுத்தியிருந்தார். முழு மரங்களை அடுக்கிக் கட்டிய வீடு ஒன்று, கரடிக்கு எட்டாத உயரத்தில் கால்கள்மேல் நிற்கும் உணவுச் சேமிப்புக் கொட்டில் ஒன்று, மரப்பட்டை போர்த்திய கூம்புக் குடில்கள் மூன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள்.

நான் திண்டுக்கல்காரி. சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தவள். சாதிக்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கே வந்து, வேலை அனுமதிக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கிடைத்த வேலை இது. தோல், ரோமம், நரம்புநூல் எல்லாம் என் பொறுப்பு. அங்கே இருந்தவர்களில் தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இதைச் சொல்லாமல் மேலே போனால் கதை உங்களுக்குப் புரியாது.

அந்த வருடம் வசந்த காலத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் வந்தன. வடக்கே எங்கோ மூடப்பட்ட ஒரு பழைய அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் கிடந்தவை. உள்ளே சைபீரியாவின் எவென்கி மக்களுடைய துருவமான் தோல் கோட்டு ஒன்று, முழங்கால் உயரப் பூட்ஸ் இரண்டு ஜோடி, படுக்கை விரிப்பாக ஒரு பெரிய தோல். நூறு வருடத்துக்கு மேற்பட்டவை. விரித்துப் பார்த்தேன். ஒரு துளைகூட இல்லை. டெக்ஸாஸில் கம்பளியோ தோலோ ஒரு கோடைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம், வண்டுகள் சல்லடையாக்கிவிடும். "என்ன பதம், என்ன பதம்!" என்று நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஏற்றவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரிப்பு கூம்புக் குடிலுக்குள் போனது. கோட்டும் பூட்ஸும் வேராவுக்குப் போயின.

வேரா எவென்கிப் பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகளை ஒரு எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியருக்குக் கட்டிக் கொடுத்து, மகளோடு டெக்ஸாஸுக்கு வந்தவர். குடிலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டும் பிள்ளைகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டும் இருப்பது அவர் வேலை. ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு நூறு வார்த்தை தெரியும். அந்தக் கோடை முழுவதும் ஏசி போட்ட பட்டறையில் என் எதிரில் உட்கார்ந்து கோட்டின் பிரிந்த தையல்களைச் சரிசெய்தார். நரம்புநூலை உதட்டில் வைத்து ஈரமாக்குவார். தையல் விளிம்பைப் பல்லால் கடித்துப் படியவைப்பார். அவர் ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்களாம். அக்டோபர் கடைசியில் காலைக் குளிர் ஆரம்பித்ததும் அந்தக் கோட்டையும் பூட்ஸையும் அணிந்துகொண்டு தினமும் குடிலில் உட்கார்ந்தார்.

நவம்பரில் ஒருநாள் என்னிடம் வந்து பாதத்தைக் காட்டினார். "எறும்பு," என்றார். "உள்ளே எறும்பு நடக்குது." ஈரப்புல்லில் நடந்த குளிர் என்று நினைத்தேன். என் அலமாரியிலிருந்த தடித்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியைக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆயிஷாவின் வகுப்பு அருங்காட்சியகத்துக்கு வந்தது. எங்கள் தெருவிலேயே இருந்த கோயமுத்தூர்க்காரி கவிதாவின் மகன் நிதினும் அந்த வகுப்புதான். குளிருக்கு இதமாகப் பிள்ளைகள் எல்லாம் அந்த விரிப்பில் உருண்டார்கள். நிதின் குப்புறப் படுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றான். நான் ஓரமாக நின்று போட்டோ எடுத்தேன்.

மறுநாள் காலை விரிப்பைத் தூக்கி உதறப் போனேன். அடியில், மரப்பலகையில், செத்த வண்டுகள் கிடந்தன. தோலை அரிக்கும் அதே வண்டுகள். ஒன்றிரண்டு இல்லை, விரிப்பின் ஓரம் எங்கெல்லாம் பலகையைத் தொட்டதோ அங்கெல்லாம், கோடு போட்டது மாதிரி. சாப்பிட வந்து, விளிம்பைக் கடித்து, அங்கேயே செத்திருந்தன. தோலைத் திருப்பி, தையல் மடிப்பை விரித்துப் பார்த்தேன். வெள்ளையாக, நறநறவென்று ஒரு பொடி.

அந்தப் பொடியை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் குடோன்களில் ஒரு மூலையில் தனியாக அடுக்கு இருக்கும். மருந்துத் தோல் என்பார்கள். மருந்து என்றால் பாஷாணம், ஆர்செனிக். கப்பலில் போகிற தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் அதில் முக்கி எடுப்பார்கள். படிப்பிலும் வந்தது, பரீட்சையிலும் எழுதினேன். பழைய அருங்காட்சியகங்களும் அதையேதான் தூவின என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டு, குறிப்பேட்டில் அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அவ்வளவும் தெரிந்தவள்தான் எட்டு மாதம் அந்தத் தோலைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அருங்காட்சியகத்தில் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் பெட்டி தோட்டக்காரர் அறையில் இருந்தது. ஈரப் பஞ்சால் தோலைத் துடைத்து, குப்பியில் போட்டு, பொடியைக் கலந்து, காகிதப் பட்டை செருகிய மூடியைத் திருகினேன். இருபது நிமிடம் காத்திருக்கச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருந்தது. எனக்கு ரமலான் நோன்பு. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருபது நிமிடம் ஆகவில்லை. வெள்ளைப் பட்டை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, என் கண்முன்னாலேயே கறுத்துக்கொண்டு வந்தது.

விரிப்பைப் பிளாஸ்டிக்கில் சுருட்டிக் கட்டிப் பூட்டினேன். குடில் பலகையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டி வைத்தேன். பிறகு எங்கள் இயக்குநர் டேலின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம், நம் பேச்சில் சொல்கிறேன்.

"எவ்வளவு உறுதியாச் சொல்ற?" என்றார் டேல்.

"எவ்வளவு இருக்குன்னு தெரியாது. இருக்குன்னு தெரியும்."

"அது தண்ணிக்கு வெச்சிருக்கிற கிட். தோலுக்கு இல்ல. லேபுக்கு அனுப்பு. ரிசல்ட் வரட்டும்."

"லேப் அஞ்சு நாள் ஆகும். நேத்து வந்த பிள்ளைங்களோட அம்மா அப்பாவுக்குச் சொல்லணும்."

"வெள்ளைப் பொடின்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. இப்ப இந்த நாட்டுல அந்த ரெண்டு வார்த்தைய வெளிய விட்டா ஹெலிகாப்டர் வந்து நிக்கும்." என் தலையிலிருந்த துணியை ஒரு கணம் பார்த்தார். பார்த்ததற்கே வெட்கப்பட்டவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்காகவும்தான் சொல்றேன்."

அந்த நாட்கள் உங்களுக்குத் தெரியாது. செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தபால் உறையில் கிருமிப் பொடி வந்து ஆட்கள் செத்திருந்தார்கள். கடையில் கொட்டிக் கிடந்த மைதா மாவைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு முஸ்லிம் பெண், வேதியியல் தெரிந்தவள், அமெரிக்கக் குழந்தைகள் உருண்ட விரிப்பில் விஷம் இருக்கிறது, அதற்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. கவிதா.

"அக்கா, நிதின் மத்தியானத்துல இருந்து நாலு தடவ வாந்தி எடுத்துட்டானுங்க. கையில வேற செகப்பா திட்டுத் திட்டா இருக்கு. ஆயிஷா நல்லாத்தான இருக்கா?"

இந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. "அவ நல்லாத்தான் இருக்கா கவிதா. தண்ணி நிறையக் குடுங்க. தூங்க வைங்க," என்று சொல்லி போனை வைத்தேன்.

நோன்பு திறக்கும் நேரம். சாதிக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தார். ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரஹ்மத், நான் சொல்றதக் கேளு. நீ தோல எடுத்துப் பூட்டிட்ட. இனி யாரும் தொடப் போறதில்ல. ரிசல்ட் வரட்டும், டேல் சொல்லட்டும், அவர் வாயால. நீ எதுக்கு உன் பேரக் குடுத்துக் கால் பண்ணணும்?"

"பிள்ளைங்க தொட்டிருக்காங்க, என்னங்க."

"நம்ம பிள்ளையும்தான் தொட்டிருக்கா. எனக்குப் பயமில்லைன்னு நெனக்கிறியா? எங்க ஆபீஸ் இக்பால் என்ன பண்ணினான்? ஒரு பாலத்த போட்டோ எடுத்தான். போலீஸ்காரங்க வந்து மூணு மணி நேரம் வீட்டுல உக்காந்திருந்தாங்க. அவன் பொண்டாட்டி இன்னும் வெளிய வர்றதில்ல. இங்க லேஆஃப் ஓடிக்கிட்டிருக்கு, கிரீன் கார்டு பாதியில நிக்குது. நம்ம எங்க போவோம்?"

சாதிக் கோழை இல்லை. அன்று அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆயிஷாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். நகத்தடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.

"இட்ஸ் க்ளீன் ஆல்ரெடி, அம்மா!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய கையை மூன்று முறை கழுவிவிட்டேன். தெருவில் எட்டு வீடு தள்ளி இருக்கும் பையனின் கையைக் கழுவச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்துப் பார்க்கிற தைரியம் அப்போது எனக்கு இல்லை. நோன்பு வைக்க விடிகாலை சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது நினைத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை பட்டறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, மாநிலத்தின் விஷ ஆலோசனை மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். பெயர் சொன்னார், பதற்றத்தில் என் காதில் ஏறவில்லை. இன்றுவரை அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

"உங்க பேர்?"

"ரஹ்மத் நிஷா."

"எழுத்துக் கூட்டிச் சொல்றீங்களா?"

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனசு எங்கெல்லாமோ போய் வந்தது: வாசலில் நிற்கும் கார்கள், சாதிக்கின் கையில் விலங்கு, பள்ளியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆயிஷா.

"சரி, ரஹ்மத்," என்றார் அவர், என் பெயரைச் சரியாக உச்சரித்து. "தொட்ட குழந்தைகள்ல ரொம்பச் சின்னவங்களுக்கு என்ன வயசு?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் சொன்னேன். அவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளை இன்றே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனை எடுக்க வேண்டும், அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் தொட்டதில் பெரிய ஆபத்து வர வாய்ப்புக் குறைவு, ஆனால் சொல்லாமல் விடக்கூடாது என்றார். பிறகு கேட்டார்:

"பத்து நிமிஷம் தொட்டவங்களப் பத்திச் சொல்லிட்டீங்க. அதத் தினமும் தொடுறது யாரு?"

"நான்தான். பெரும்பாலும் கையுறையோட."

"கோட்டு, பூட்ஸும் அதே பெட்டியில வந்ததுன்னு சொன்னீங்களே. அதெல்லாம் சும்மா மாட்டி வெச்சிருக்கா, யாராவது போடுறாங்களா?"

ரிசீவரை மேஜைமேல் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பட்டறைக்கும் குடிலுக்கும் நடுவே இருநூறு அடி இருக்கும். புல்லெல்லாம் உறைபனி. நோன்பு வயிற்றோடு அந்தக் குளிரில் ஓடி, இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். முந்தின நாள் முழுக்க நான் விரிப்பை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன், என்னை நினைத்தேன். அதே தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷி என் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை "நாளைக்குப் பார்ப்போம்" என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனவள். அவளை நான் பார்க்கவே இல்லை.

வேரா குடிலுக்குள் அடுப்பின் அருகில் கோட்டோடு உட்கார்ந்து ஒரு பூட்ஸைத் தைத்துக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனை பல்லிடுக்கில்.

"வேரா, வாயிலேருந்து எடுங்க! எடுங்க!"

அவர் திடுக்கிட்டு எடுத்தார். "என்ன?"

விஷம் என்ற ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியவில்லை. கெட்ட மருந்து என்று சொல்லிப் பார்த்தேன், தலையாட்டி, சிரித்தார். கடைசியில் மண்டியிட்டு, அடுப்புச் சாம்பலில் விரலால் ஒரு மண்டை ஓடும், அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பும் வரைந்தேன். கோட்டைத் தொட்டுக் காட்டி, படத்தையும் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மெதுவாக இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். பத்து நகங்களிலும் குறுக்காக வெள்ளைக் கோடு ஓடியது, சுண்ணாம்பால் இழுத்தது மாதிரி.

"இது?" என்றார்.

"ஆமா."

"கால் எறும்பு?"

"ஆமா."

"நீ சாக்ஸ் குடுத்தே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சரிபார்த்துக்கொள்கிறவர்போலச் சொன்னார்.

கோட்டின் முடிச்சுகளை நான் அவிழ்க்க அவிழ்க்க, அவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் ஜாக்கெட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினேன்.

"யார் போட்டா, இதுல?"

"பழைய மியூசியம். ரொம்ப வருஷம் முன்னாடி. பூச்சி தின்னக்கூடாதுன்னு."

"பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "உனக்குத் தெரியல."

அவரை என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவருடைய மகள் அங்கே வந்து சேர்ந்து, வராந்தாவில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினாள். பாதி ரஷ்ய மொழி, பாதி ஆங்கிலம். நான் குனிந்து நின்று கேட்டுக்கொண்டேன். திரும்பி வந்து டேலிடம், நான் ஏற்கெனவே போன் செய்துவிட்டேன், என் பெயரைக் கொடுத்துவிட்டேன், வேரா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். டேல், வந்துபோன பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பட்டியலை எடுத்துக் குறுக்கே கிழித்தார். "இந்தப் பாதி எனக்கு. நான் கூப்பிடுறேன்," என்றார். சனிக்கிழமை நடக்க இருந்த குளிர்கால விழாவை ரத்து செய்யவும் அவரே போன் போட்டார்.

கவிதாவின் பெயர் என் பாதியில் இருந்தது. முதலில் அவரைக் கூப்பிட்டேன். சொல்லி முடித்ததும், "எப்பத் தெரியும்ங்க்கா உங்களுக்கு?" என்றார்.

"நேத்துக் காலைல."

"நேத்து சாயங்காலம் நான் பேசினப்போ?"

"தெரியும்."

"தண்ணி குடுங்கன்னு சொன்னீங்களேக்கா," என்றார் கவிதா. போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நோன்பு திறக்கிற நேரத்தில் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண், கோட்டு சூட்டில் இரண்டு ஆண்கள். சாதிக் கதவைத் திறந்த கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். உட்கார வைத்தோம். பேரீச்சம்பழத் தட்டை நீட்டினேன், யாரும் எடுக்கவில்லை.

"ஆர்செனிக்கைப் பார்த்ததும் கண்டுபிடிக்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"திண்டுக்கல்ல."

"அது எந்த நாடு?"

தோல் ஷாப்பைப் பற்றி, சென்னைப் படிப்பைப் பற்றி, பெட்டிகள் வந்த நாளைப் பற்றி, என் கையெழுத்தைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னேன். சொன்னதையே மூன்று விதமாக மறுபடி கேட்டார்கள். ஆயிஷா மாடிப்படியில் உட்கார்ந்து கம்பிகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம். போகும்போது அந்தச் சுகாதாரத் துறைப் பெண் மட்டும் வாசலில் நின்று, "முதல் போன் நீங்க பண்ணினதுதான். அதக் குறிச்சு வெச்சிருக்கேன்," என்றார். கதவைச் சாத்திவிட்டு சாதிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தோம்.

அடுத்த வாரம் முடிவுகள் வந்தன. பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்றுமில்லை. நிதினுக்கு வந்தது வகுப்பு முழுக்கச் சுற்றிய வயிற்றுக் காய்ச்சல். கையிலிருந்த திட்டு சோப்பு ஒவ்வாமை. ஆயிஷாவின் தாளை நான் நாலு முறை படித்தேன். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, தானாக இறங்கிவிடும் என்றார்கள். வேராவின் முடிவை டாக்டர் நம்பாமல் இரண்டாம் முறை எடுக்கச் சொன்னார். இரண்டாவதும் அதேதான். பல வாரம் மருந்து கொடுத்தார்கள். விரல்கள் தேறின. பாதங்கள் முழுதாகத் தேறவில்லை. அதன்பின் கைத்தடி இல்லாமல் அவர் நடக்கவில்லை.

எங்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. சாதிக்கின் வேலை வசந்தத்தில் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த மாடியில் பாதிப்பேருக்குப் போனது. கவிதா என்னைக் கடையில் பார்த்தால் தலையசைப்பார். அதற்கு மேல் பேசியதில்லை. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். டேல் வாங்கவில்லை. "இனிமே ஒரு தோலுக்கும் கையெழுத்துப் போடும்போது உன் கை நடுங்கும். அந்தக் கைதான் எனக்கு வேணும்," என்றார். நடுங்கத்தான் செய்தது, ஓய்வு பெறும் நாள் வரை.

டேலும் சாதிக்கும் காத்திருக்கச் சொன்னார்களே, அவர்கள்மேல் கோபம் இல்லையா என்று பின்னாளில் ஒருவர் கேட்டார். இல்லை. அவர்கள் பயந்தார்கள், நானும் பயந்தேன். பயத்தில் எனக்கு யாரெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தார்கள், யார் தெரியவில்லை என்பதுதான் என்னை இன்னும் தூங்கவிடாத விஷயம். என்மேல் புகார் கொடுக்கக் கூடியவர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். வேரா புகார் கொடுக்கக் கூடியவர் இல்லை.

அடுத்த அக்டோபரில் வேரா கைத்தடியோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார். வேலைக்கே திரும்பி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கையில் ஒரு பெரிய பை. அலாஸ்காவிலிருந்து புதுத் துருவமான் தோல் வரவழைத்து, கோடை முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்து புதுக் கோட்டு ஒன்று தைத்திருந்தார். அந்தத் தோலை நான்தான் ஒவ்வொரு அங்குலமாகச் சோதித்து, லேபுக்கும் அனுப்பி, சுத்தமானது என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"லேப் பேப்பர் பாத்தீங்கல்ல?" என்றேன்.

"பாத்தேன்." கோட்டை என் கையில் திணித்தார். "நீ போடு. முதல்ல நீ."

"எத்தனை நாள்?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு மடக்கி, மறுபடி விரித்தார். இருபது.

டெக்ஸாஸில் அக்டோபரிலும் பகல் வெயில் சுடும். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு இருபது நாள் நான் குடிலுக்குள் உட்கார்ந்தேன். வேர்வை முதுகில் ஆறாக ஓடியது. பள்ளிப் பிள்ளைகள் வந்து தேநீர் வாங்கிக் குடித்தார்கள். நான்தான் சைபீரியாக்காரி என்று நினைத்து ஏதேதோ கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை வேராவிடம் கேட்டுச் சொன்னேன். முதல் சில நாட்கள் பயமாகத்தான் இருந்தது. என் சோதனையை நானே நம்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாதத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். வேரா எதிரில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் காலையிலிருந்து மாலைவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தோராம் நாள் காலை அவர் என்னைக் குடிலின் வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலில் நின்று கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். என் ஷூவைக் கழற்றச் சொன்னார். கைத்தடியின் முனையால் என் உள்ளங்காலில் மெதுவாகக் கீறினார். நான் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன்.

வேரா தலையாட்டினார். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.